அறுபத்து மூன்றில் தொடங்கிய வட்டு

சித்தி ஒரு வரி தட்டினால் ஒரு தடவை சேவ் கொடுப்பாள். முற்றுப்புள்ளிக்கு ஒன்று, பத்தி முடிந்தால் ஒன்று, யாராவது கடைக்குள் நுழைந்தால் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்று. இடது கையின் சுண்டுவிரலும் நடுவிரலும் தானாகப் போய் கன்ட்ரோல், எஸ் என்ற இரண்டு பொத்தான்களை அமுக்கிவிட்டு வரும். அவளுடைய கீபோர்டில் அந்த இரண்டில் மட்டும் எழுத்து முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நாள் அவளிடமிருந்து பிடுங்கியவள் நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் சித்தியின் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். கல்யாணப் பத்திரிகை, காது குத்து, திருவிழா நோட்டீஸ், பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள், கருமாதிப் பத்திரிகை எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். அவள் என் அம்மாவுக்குத் தங்கை. நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் படிப்பு. சனி ஞாயிறு வந்தால் டவுன் பஸ் பிடித்து அவள் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். படிப்பு எனக்குக் கொடுக்காத ஒரு சந்தோஷத்தை அந்தக் கடையின் ஒரே ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தது. காரணம், அதில் மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம்.

பெட்டியைப் போட்டவுடன் கறுப்புத் திரையில் மூன்று வரி வரும். எதை எழுப்ப வேண்டும் என்று அது கேட்கும். முதல் வரி பழைய விண்டோஸ் எக்ஸ்பி. சித்தியின் பக்கம் அமைக்கும் மென்பொருளும் அவள் விரலுக்குப் பழகிய தமிழ் எழுத்துருவும் அதில்தான் ஓடும். அந்த மென்பொருளுக்கு டாங்கிள் என்று ஒரு சாவி உண்டு. பெட்டியின் பின்னால் அகலமான பழைய துளையில் அதைச் செருகினால்தான் மென்பொருள் வாய் திறக்கும். அந்தத் துளை இப்போது வரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. இரண்டாவது வரி புது விண்டோஸ், ஆன்லைன் வேலைக்கு. மூன்றாவது லினக்ஸ். அது நான் போட்டது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸ் ஊர்ந்துகொண்டிருக்கும், அதை லினக்ஸில் திறந்தால் பயமில்லை என்று சொல்லிச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தேன். சித்தி இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். எக்ஸ்பி பெரியவரு. விண்டோஸ் நடுவுலவரு. லினக்ஸ், உன் ஆளு.

"உன் ஆளு இன்னிக்கு நல்லாத்தான் இருந்தாரு. ஒரு தரம்கூட மொறைக்கல" என்று போனில் சொல்வாள்.

பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று கட், கட் என்று சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளே யாரோ பாக்கு வெட்டுவது போல. அது சாவதற்கு முன் போடும் சத்தம் என்று எனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு புது டிஸ்க் வாங்கிக்கொண்டு போனேன். பழையதைவிட ஆறு மடங்கு பெரியது. முதலில் நடுவுலவரைப் போட்டு, பிறகு மற்றவர்களுக்கு இடம் பிரிக்கலாம் என்று நான் பென் டிரைவை எடுத்தேன். சித்தி என் கையைப் பிடித்தாள்.

"பெரியவரு இருக்கச்சே மத்ததுங்கள முன்னாடி குந்த வெப்பியா? அவர மொதல்ல போடு."

டிஸ்க்கில் என்ன முன்னாடி பின்னாடி என்று சிரித்தேன். ஆனால் பல சிஸ்டம் வைக்கும்போது பழையதை முதலில் போடுவதுதான் வழக்கம், பிறகு வருகிற புதுசுக்குத்தான் பழையதை அடையாளம் தெரியும் என்று நானும் படித்திருந்தேன். அவள் முறையும் என் படிப்பும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அதனால் குஷியாக, ஒன்றுமே இல்லாத அந்தப் புது டிஸ்க்கில் எக்ஸ்பியின் பழைய சீடியைப் போட்டு, அதையே முதல் பாகத்தைப் பிரிக்க விட்டேன். அடுத்து நடுவுலவர். கடைசியில் என் ஆள்.

லினக்ஸ் ஏறி முடிந்ததும் டிஸ்க்கின் பாகங்களை ஒரு தடவை பட்டியல் போட்டுப் பார்த்தேன். முதல் பாகம் 63இல் தொடங்குகிறது என்றிருந்தது. அதற்குக் கீழே, அந்தப் பாகம் வட்டின் உண்மையான எல்லையில் தொடங்கவில்லை என்று ஒரு வரி. மூன்றும் எழுந்துவிட்டன, டாங்கிள் வேலை செய்கிறது, சித்தி டீ வாங்கி வைத்திருக்கிறாள். அந்த வரியைப் படித்தேன், திரையை மூடினேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமைதான் கரியாலூரிலிருந்து டீச்சர் வந்தார். மலைமேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவர். கையில் கோடு போட்ட தாள்கள் ஒரு கட்டு, கிரேயான் படங்கள் ஒரு கட்டு. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் எழுதிய ஒரு மலர். அறுபத்து நான்கு பக்கம். கள்ளக்குறிச்சி அச்சகத்தில் அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் அச்சு ஏற்ற இடம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பக்கங்கள் கைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் அச்சகத்திலேயே ஆள் இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று டீச்சர் தயங்கித்தான் சொன்னார்.

சித்தி அந்தத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அடித்த எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. நோட்டீஸ் சுவரில் கிழியும், பத்திரிகை அரிசி மூட்டைமேல் கிடக்கும், கேள்வித்தாள் கப்பலாகும். இதுதான் அவள் கையால் வரும், முதுகு வைத்துக் கட்டிய முதல் புத்தகம். கடைசிப் பக்கத்தில் பக்க அமைப்பு என்று போட்டு உங்கள் பெயரைப் போடுவோம் என்று டீச்சர் சொன்னதை, அன்று ராத்திரி சித்தி எங்கள் அம்மாவிடம் போனில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை நான் கல்லூரியில் இருக்கும்போது போன் வந்தது.

"ஏண்டி, இத இன்னா பண்ணி வெச்சிருக்க? சேவ் குடுத்துட்டு நான் எதிர்க்கடைக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்துர்றேன். அப்பவும் அது சுத்திக்கினுதான் இருக்குது."

பெரியவருக்கு வயதாகிவிட்டது, படங்கள் ஜாஸ்தி, பொறுத்துக்கொள் என்றேன். படிப்பாளி மாதிரியே சொன்னேன். சித்தி போனை வைத்துவிட்டாள். அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தன் கைதான் மெதுவாகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். வேகமாக அடித்தால் மெஷின் தாங்கவில்லை போல என்று அடிப்பதைக் குறைத்திருக்கிறாள். ஒவ்வொரு சேவுக்கும் திரை உறைந்து நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் சேவ் கொடுப்பதையும் குறைத்திருக்கிறாள். முதலில் பத்திக்கு ஒன்று. பிறகு பக்கத்துக்கு ஒன்று.

செவ்வாய்க்கிழமை மதியம் கரண்ட் ஒரு கணம் போய் வந்தது. அந்தக் கடையில் யூ.பி.எஸ். இருக்கிறது, ஆனால் பேட்டரி உப்பிப் போய் ரொம்ப நாளாகிறது. இப்போது அதன்மேல் ஒரு பிள்ளையார் படமும் ஸ்டேப்ளரும் இருக்கின்றன. ஓடையில் தண்ணீர் வந்த நாளில் அண்ணனும் தங்கையும் எப்படிப் பள்ளிக்கூடம் போனார்கள் என்று ஒரு பிள்ளை எழுதிய கதை, மூன்று பக்கம், படத்தோடு உட்கார வைத்தது, போய்விட்டது.

புதன்கிழமை கல்லூரிக்குப் போகாமல் நேராகக் கச்சிராயபாளையம் போனேன். சித்தி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கிரேயான் படங்களை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு நோட்டை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சருக்கு போன் பண்ணி, அச்சகத்துலயே குடுத்துடுங்கன்னு சொல்லிடலாமின்னு இருக்கேன். என் கை பழைய கை இல்ல போல" என்றாள்.

ஒரு மணி நேரம் கொடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரே பெரிய கோப்பை எடுத்து, லினக்ஸில் இருந்துகொண்டு லினக்ஸின் பாகத்துக்குள் நகலெடுத்தேன். ஓடியது. அதே கோப்பை, அதே லினக்ஸில் இருந்துகொண்டு, எக்ஸ்பியின் பாகத்துக்குள் நகலெடுத்தேன். நத்தையாக ஊர்ந்தது. அப்படியானால் பெரியவரின் வயது இதற்குக் காரணமே இல்லை. அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அவர் உட்கார்ந்த இடம் மெதுவாக இருக்கிறது. கோப்புகளை மட்டும் வேறு பாகத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேவலாம், ஆனால் அந்த மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளைத் தன் வீட்டுக்குள்ளேயேதான் எழுதும், திரும்பவும் உறைந்தது. பாகங்களைப் பட்டியல் போட்டேன். 63. கீழே அதே வரி. இந்தத் தடவை திரையை மூடவில்லை.

டிஸ்க் தன் தகவலைச் செக்டர் என்னும் சின்னச் சின்னக் கட்டங்களில் வைக்கிறது. பழைய டிஸ்க்குகளில் ஒவ்வொரு கட்டமும் தனி. இப்போது வரும் டிஸ்க்குகளில் எட்டுக் கட்டத்தை ஒட்டி ஒரே பெரிய கட்டமாக்கிவிட்டார்கள். பழைய சிஸ்டங்கள் பயந்துவிடாமல் இருக்க, வெளியே மட்டும் டிஸ்க் இன்னும் சின்னக் கட்டம்தான் என்று பொய் சொல்லும். எக்ஸ்பி அந்தப் பொய்யை அப்படியே நம்பியது. அதன் காலத்தில் வட்டின் ஒரு சுற்றுக்கு அறுபத்து மூன்று கட்டம் என்று ஒரு கணக்கு. முதல் சுற்றை விட்டுவிட்டு அடுத்த சுற்றில் பாகத்தைத் தொடங்குவது அன்றைய மரியாதை. அதனால் 63இல் தொடங்கியது. 64 என்றால் எட்டால் சரியாக வகுபடும், பெரிய கட்டத்தின் விளிம்பில் உட்காரும். ஒன்றே ஒன்று குறைந்துவிட்டது. பழைய டிஸ்க்கில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. புதியதில்தான் வினை. நடுவுலவரும் என் ஆளும் காலத்துக்கு ஏற்ப விளிம்பு பார்த்துத் தாங்களாகவே சரியாக உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைச் சித்திக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் போட்டேன். எட்டு எட்டாகப் பிரித்துத் தடித்த கோடு இழுத்தேன். கோட்டுக்கு ஒரு கட்டம் முன்னால் பேனாவை வைத்து, பெரியவர் இங்கேயிருந்து தொடங்கிவிட்டார், எட்டு எட்டாகத்தான் எழுதுவார் என்றேன். முதல் எட்டைப் போட்டுக் காட்டினேன். ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கம், ஏழு அந்தப் பக்கம். அடுத்த எட்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

சித்தி என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"இது ஸ்டிக்கர் ஷீட்டுடி. கல்யாண வூட்டுக்கு அட்ரஸ் அடிச்சிக் குடுத்தேனே, நாபகம் இருக்குதா? மேல மார்ஜின் ஒரு வரி தப்பிப் போச்சி. ஒவ்வொரு ஆளோட பேரும் முந்தின ஸ்டிக்கர்ல வுழுந்துச்சி, மிச்ச ஏழு வரி அடுத்த ஸ்டிக்கர்ல. ஒருத்தர் அட்ரஸ மாத்தணும்னா ரெண்டு ஸ்டிக்கர உரிக்கணும், ரெண்டையும் திருப்பி அடிக்கணும்."

அவ்வளவுதான். பாடமாக நடத்தினால் முழு வகுப்பு ஆகும். எட்டுக் கட்டம் எழுத, டிஸ்க் இரண்டு பெரிய கட்டத்தையும் முழுசாகப் படித்து, உள்ளே மாற்றி, திரும்ப எழுதுகிறது. வட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று சுற்றி வரும்வரை காத்திருக்கிறது.

"அப்ப என் கை இல்லியா?" என்றாள்.

"உன் கை இல்ல சித்தி. நான்தான். அன்னிக்கே அது சொல்லிச்சி, ஒரு வரியில. படிச்சிட்டு மூடிட்டேன்."

என்னைப் பார்த்தாள். பிறகு தாளை மடித்து மேசை டிராயரில் போட்டாள்.

"மார்ஜின் தப்புதான? மார்ஜின மாத்து. ஆனா பெரியவரு மொதல்லதான் இருக்கணும், சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை காலையிலிருந்து மதியம்வரை கச்சிராயபாளையத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். பாகத்தை அழித்துப் பிரிக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே நான் தயாராக இல்லை. பெட்டியைக் கள்ளக்குறிச்சிக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. நான் எடுத்துப் போகிறேன் என்றேன். சித்தி கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தாள். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, துண்டு சுற்றிய பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டாங்கிளைக் கர்ச்சீப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் வழி விடாமல் போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் தூக்கிப் போட, சித்தி பெட்டியை மடியோடு சேர்த்து மேலே தூக்கிப் பிடித்தாள்.

கண்டக்டர் குனிந்து பார்த்து, இன்னாங்க அது, கொழந்தையா என்று கேட்டார்.

"எங்க வூட்டுப் பெரியவருங்க. ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போறோம்" என்றாள். அவருக்கு டிக்கெட் வேண்டாமா என்று கண்டக்டர் கேட்க, நிக்க வெச்சா காசு குடுக்கறேன், மடியிலதான இருக்காரு என்றாள் சித்தி. பஸ்ஸே சிரித்தது.

எங்கள் வீட்டுக் கூடத்தில், வீட்டில் இருந்த பழைய மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி வேலை நடந்தது. முதலில் எக்ஸ்பியின் பாகத்தில் இருந்த எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். இந்தத் தடவை பிரதியைத் திறந்தும் பார்த்தேன், ஒவ்வொரு பக்கமாக, சித்தி பக்கத்தில் உட்கார்ந்து தாள்களோடு ஒத்துப் பார்க்க. பிறகு லினக்ஸ் பென் டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பி முதல் பாகத்தை அழித்தேன். அழி என்ற பொத்தானை அமுக்கும்போது சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதே இடத்தில் புதுப் பாகம் போட்டேன், இந்தத் தடவை 2048இல் தொடங்கும்படி. எட்டுக்கும் பொருந்தும், இனிமேல் வரப்போகும் டிஸ்க்குகளின் பெரிய கட்டங்களுக்கும் பொருந்தும் எண் அது.

முன்னால் காலியாகக் கிடந்த சின்ன இடத்தை அவள் கவனித்துவிட்டாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். தொடக்கத்தில் பாகங்களின் பட்டியல் இருக்கும், அந்த மூன்று வரியைக் காட்டும் பூட் மெனுவின் ஒரு துண்டு இருக்கும், மற்றபடி சும்மா விட்ட இடம் என்றேன்.

"நோட்டீஸ்ல புள்ளையார் சுழிக்கு வுடற எடம் மாரி" என்றாள். "அதுல கஞ்சம் பண்ணா, கீழ எல்லாம் இடிக்கத்தான செய்யும்."

எக்ஸ்பி சீடியைப் போட்டேன். நான் பிரித்து வைத்த பாகத்தைக் காட்டினேன். புதிதாகப் பிரிக்க அதற்கு வாய்ப்பே தராமல், இருப்பதில் உட்கார் என்றேன். உட்கார்ந்தது. எழுந்து பார்த்தால் பூட் மெனுவைக் காணோம். எக்ஸ்பி எப்போதும் இப்படித்தான், தன்னைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். "பெரியவங்கன்னா அப்டித்தான்" என்றாள் சித்தி. லினக்ஸ் வழியாக மெனுவைத் திரும்ப எழுதி மூன்று பேரையும் வரிசையில் நிறுத்தினேன். பெரியவர் முதலில்.

மென்பொருள் ஏறியது. சித்தி இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்து டாங்கிளைக் கொடுத்தாள். மலரின் கோப்பைத் திறந்தோம். அறுபத்து நான்கு பக்கம், கரடி பலாப்பழம் தின்னும் படம், மரவள்ளிக் கொல்லையின் படம், ஒரு பக்கம் முழுக்க அருவி. சித்தி ஒரு புள்ளி வைத்தாள், இடது கை போய் வந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேவ் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சி."

"நம்பலாமா?"

மூடித் திறந்து காட்டினேன். புள்ளி இருந்தது.

ஓடைக் கதையை அங்கேயே, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். முதலில் தயக்கமாகத்தான் அடித்தாள். வரிக்கு ஒரு சேவ் கொடுத்து, உறைகிறதா என்று ஒரு கணம் நிற்பாள். அது உறையவில்லை. அண்ணன் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கும் இடத்துக்கு வரும்போது கை பழைய கையாகிவிட்டது. நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். சடசடவென்று அடிக்கும் சத்தம், நடுநடுவே இரண்டு பொத்தான்கள் சேர்ந்து அமுங்கும் ஒரு தட்டு. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, சின்ன வயதில் இவள் தையல் மெஷினையும் இப்படித்தான் ஓட்டுவாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி கடைக்குத் திரும்பியிருந்தது. நான் வேண்டுமென்றே கல்லூரிக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். பக்கங்களைத் திரையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓடைக் கதையில் கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பிள்ளையிடம் நேராகச் சொல்வேன், இது எவ்வளவு நன்றாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்றார். மூன்று நாளைக்கு முன் அந்தக் கதை இல்லாமல் போயிருந்தது என்று சித்தி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. உங்கள் பெயரை எப்படிப் போடுவது என்று டீச்சர் கேட்டார். சித்தி இத்தனை நாள் அதை அடிக்காமல் வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ மணமக்களின் பெயரை யோசிக்காமல் அடித்த கை, தன் பெயருக்கு முன்னால் கொஞ்சம் நின்றது.

"பாப்பா பேரும் போடலாங்களா? மெஷின் அதுதான் பார்த்துச்சி" என்று என்னைக் காட்டி டீச்சரைக் கேட்டாள்.

வேண்டாம் என்று நான் உடனே சொன்னேன். மெஷினைக் கெடுத்ததும் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் காலை மேசைக்கு அடியில் மெதுவாக மிதித்தாள்.

பக்க அமைப்பு என்று அடித்தாள். தன் பெயரை அடித்தாள். கீழே கச்சிராயபாளையம் என்று ஊரை அடித்தாள். இடது கை போய் வந்தது. டீச்சர் பென் டிரைவை நீட்டினார். சித்தி அதை வாங்குவதற்கு முன் இன்னொரு தடவை சேவ் கொடுத்தாள். ஒன்றும் மாற்றவில்லை. சும்மாதான்.